எரிமலைத் தீவும் நான் சொன்ன பொய்யும்

என் அன்புப் பிள்ளை ஆரணிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் சொன்ன ஒன்றால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது ஒரு வரியை எழுதிவிட்டு, அது சரிதானா என்று திரும்பிப் பார்க்கலாம். நீ சந்தோரினித் தீவுக்குக் குடிபோய்ச் சில கிழமைகள்தான் ஆகின்றன. பிள்ளை தூர இடத்துக்குப் போகும்போது தகப்பன் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புவது வழக்கம். அதற்கு முன் எங்களைப் பார்க்க வந்து திரும்பிய நாளில், விமான நிலையத்தில் நீ உள்ளே போகும் முன் என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாய். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாயோ என்னவோ. நான் "பாஸ்போட் எடுத்தனியோ?" என்று மட்டும் கேட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி என்னிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டவை சில இருக்கின்றன. அவற்றை நீ அறியாமல் அந்தத் தீவில் இருக்கக் கூடாது.

நீ சின்னவளாக இருந்தபோது ஒரு கோடையில் உன்னை எங்கள் நகரத்தின் நடுவில் இருக்கும் மொன் றோயல் மலைக்குக் கூட்டிப்போனேன். உச்சியில் நின்று கீழே நகரத்தையும் ஆற்றையும் பார்த்துவிட்டு, "அப்பா, இது எரிமலையோ?" என்று கேட்டாய். துறைமுகத்தில் என்னோடு கொள்கலன் லொறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். நானும் யோசிக்காமல், "ஓம், பழைய எரிமலை. இப்ப நித்திரை" என்றேன். அதற்குப் பிறகு பல இரவுகள் அது எழும்பிவிடுமோ என்று நீ பயந்து எங்கள் கட்டிலுக்கு வந்தாய். சில வருடங்கள் கழித்து, பள்ளிக்கூட நூலகத்தில் எதையோ வாசித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாய். "அப்பா, அது எரிமலையே இல்லையாம். உள்ளுக்கை இருந்த பாறைக்குழம்பு மேலை வரவே இல்லை. நிலத்துக்குக் கீழையே ஆறி இறுகிப்போச்சு. மேலை இருந்த மண்ணும் கல்லும் தேய்ஞ்சு போகத்தான் இது வெளியிலை தெரியுது. நீங்கள் ஏன் தெரியாமல் சொன்னனீங்கள்?" நான் சிரித்தேன். சந்திக்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பிள்ளையை ஆற்றுவதற்கோ அடக்குவதற்கோ வாயில் வந்ததைச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

பிறகு நீ அதையே படித்தாய். ஏதென்ஸில் வேலை கிடைத்துப் போனாய். மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வந்தபோது குசினி மேசையில், பலசரக்குக் கடை விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் அந்தத் தீவை எங்களுக்கு வரைந்து காட்டினாய். பாதி கடித்த வளையல் போல இருந்தது. "இதைத்தான் கல்டெரா எண்டு சொல்லுறது" என்றாய். மலைக்கு அடியில் பாறைக்குழம்பு தேங்கிய ஒரு பெரிய அறை இருக்கும். மலை வெடிக்கும்போது அந்த அறை வெறுமையாகிவிடும். மேலே இருக்கும் கூரைக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல், மலை தன் வயிற்றுக்குள்ளேயே இடிந்து விழும். அந்தக் குழிக்குள் கடல் வரும். நாங்கள் தீவு என்று பார்ப்பது குழியின் விளிம்பை மட்டும்தான். இது அங்கே ஒரு தடவை நடந்த காரியமும் இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக மலை வளருவதும் வெடிப்பதும் விழுவதும் திரும்ப வளருவதுமாக இருக்கிறது என்றாய். அம்மா கேட்டாள், "அப்ப அந்தச் சனம் ஏன் அங்கை இருக்குது?" நீ ஜன்னலைக் காட்டினாய். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "நாங்கள் ஏன் இந்தக் குளிருக்கை இருக்கிறம்?" என்று கேட்டாய். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரிக்க நெடுநாள் ஆயிற்று.

அடுத்த மாதமே அங்கே நிலம் நடுங்கத் தொடங்கியது. தீவுக்கு வடகிழக்கே கடலடியில், நாளுக்கு நூற்றுக்கணக்கான நடுக்கங்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சனம் கப்பலிலும் விமானத்திலும் ஏதென்ஸுக்கு ஓடியது. அந்தச் சனம் வெளியேறிய கப்பல் திரும்பும்போது அதில் ஏறி நீ உள்ளே போனாய். உன்னோடு வேலை செய்யும் கத்தரினாவும் நீயும் கருவிகளோடு நிற்கும் படத்தை அனுப்பினாய். அவள் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். கமராவைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் படத்தில் உங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பின்னால் இருந்த செங்குத்துச் சரிவைத்தான் பார்த்தேன்.

உன் சித்தப்பாவைப் பற்றி நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஒரே நாளில் வெளியேறியபோது அவன் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். "நீங்கள் நடவுங்கோ அண்ணை, நான் நாளைக்கு வாறன்" என்றான். நான் நடந்தேன். அவன் வரவில்லை. நிலம் அதிரும் இடத்தில் ஒருவர் "கொஞ்சம் பேந்து வாறன்" என்று சொன்னால் என் உடம்பு அதைத் தாங்காது. ஆனால் இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. நீ ஏன் நிற்கிறாய் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் ஏன் பயப்படுகிறேன் என்று எனக்கும் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "வந்திடு பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். கடைசியில் நீ பொறுமை இழந்து, "அப்பா, எல்லாரும் போற நேரத்திலைதான் எங்களுக்கு வேலை. நான் வரமாட்டன்" என்றாய்.

மறுநாள் மத்தியானம் துறைமுக வாசலில் லொறி வரிசையில் நின்றபடி உனக்கு மறுபடி எடுத்தேன். எடுக்கும்போது என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் குரல் கேட்டதும் சொன்னேன்: "அம்மா வேலையிலை மயங்கி விழுந்திட்டா. ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். உன்னைத்தான் கேக்கிறா." நீ "நெஞ்சோ அப்பா?" என்று கேட்டாய். நான் வருத்தத்தின் பெயரைக்கூட யோசித்து வைத்திருக்கவில்லை. நீயே ஒன்றைத் தந்தாய். நான் "ஓம்" என்றேன். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வரிசை நகர்ந்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அன்று பின்னேரம் அவள் வழமைபோலக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால் நோகிறது என்றாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நீ கப்பல் பிடித்து, விமானம் மாறி வந்து சேர்ந்த அன்று செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு வெளிப்படிக்கட்டு முழுக்கப் பனி. பையோடு நீ ஏறி வரும் சத்தம் கேட்டு அம்மாதான் கதவைத் திறந்தாள். கையில் மாவு. "ஐயோ, நீ என்ன பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல்?" என்றாள். நீ அவளுடைய முகத்தைப் பார்த்தாய். கையைப் பிடித்து, நாடியைப் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "அப்பா?" என்றாய். அவ்வளவுதான். "நீ வரமாட்டன் எண்டனி" என்றேன் நான். நீ கத்தவில்லை. பனிச் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் இருந்த வாங்கில் இருந்தாய். நீ கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அப்படி இருந்தபடியேதான் தீவிலிருந்து வந்த போனை எடுத்தாய். கத்தரினா விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள்.

நடந்தது என்ன என்பதை நீ எனக்கு விளக்கவில்லை. அம்மாவுக்குச் சொன்னதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். சரிவின் விளிம்பில் இருக்கும் கருவியில் வேலை செய்யும்போது ஒருவர் குனிந்து வேலை பார்க்க, மற்றவர் மேலே கல் உருளுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது இரண்டு பேர் செய்யும் வேலை. நீ வந்துவிட்டாய். வேறு ஆள் இல்லை. கருவி நின்றுபோனதால் அவள் தனியாகப் போயிருக்கிறாள். நடுக்கம் வந்தது, கல் வந்து அவளை விழுத்தியது, அவளுடைய கணுக்கால் நொருங்கியது. நீ உன் பையைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாள் அதே பையோடு திரும்பிப் போனாய். அம்மா அதற்குப் பிறகு கன நாளாக என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. இதை எழுதத்தான் இத்தனை நாள் பிந்தியது. நீ திரும்பிப் போன பிறகும் நடுக்கம் ஓயவில்லை. நான் காலையில் எழும்பி முதல் வேலையாகப் போனில் அந்தத் தீவின் செய்தியைப் பார்ப்பேன். நீ ஏதென்ஸில் கத்தரினாவின் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், தீவில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் துணிச்சலாக ஒன்றை விரும்பினேன். அது வெடிக்க வேண்டும் என்று விரும்பினேன். வெடித்தால் நான் சொன்ன பொய் உன்னைக் காப்பாற்றிய பொய்யாகிவிடும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாய் என்றெல்லாம் நினைத்தேன். அங்கே இன்னும் சனம் இருந்தது. ஆடுமாடு இருந்தது. கத்தரினாவின் தாய் தகப்பன் வீட்டை விட்டு வரமாட்டோம் என்று இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற செய்தியைப் படித்து, நான், ஊர் எரிய ஓடி வந்த மனிதன், ஏமாற்றமடைந்தேன். பிறகு நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. கடலடியில் மேலே வரப் பார்த்த பாறைக்குழம்பு வழியிலேயே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்ன அன்று, எனக்கு மட்டும் இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை என்று தெரிந்தது.

பங்குனியில் அம்மா எங்கள் தெருமுனை டெப்பனர் கடை வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கையை முறித்தாளே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து நான் உனக்கு எடுத்தேன். "அம்மா விழுந்து கையை முறிச்சுப்போட்டா" என்றேன். நீ "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்கவில்லை. "எந்தக் கை?" என்று கேட்கவில்லை. "அம்மாட்டைக் குடுங்கோ" என்றாய். குடுத்தேன். அவள் தன் வாயால் சொன்ன பிறகுதான் உன் குரல் மாறியது. நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். என் வீட்டில் நெருப்புப் பிடித்தால்கூட அதை உனக்குச் சொல்ல எனக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று அன்று விளங்கியது.

இலையுதிர்காலத்தில் நான் அந்தத் தீவுக்குப் போனது உனக்குத் தெரியும். அங்கே நடந்தது முழுதும் தெரியாது. ஏதென்ஸில் இறங்கி உனக்கு எடுக்காமலே கப்பல் ஏறினேன். எடுத்திருந்தால் நீ தடுத்திருப்பாய். கப்பல் அந்த வளையத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். கறுப்பு, சிவப்பு, சாம்பல் நிறம் என்று அடுக்கடுக்காக. ஆக மேலே தடித்த வெள்ளைப் படை. அதற்கும் மேலே, விளிம்பில், பனி விழுந்தது போல வீடுகள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வெடிப்பு என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கீழே தண்ணீர் நங்கூரம் எட்டாத ஆழம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நான் ஒரு மலையின் வயிற்றுக்குள் நிற்கிறேன் என்று நினைத்தபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நான் வருவதை முன்பே எழுதியிருந்தபடியால் கத்தரினா துறையில் ஊன்றுகோலோடு நின்றாள். "ஆரணியின் அப்பா!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் முதலில் கேட்டது, "உங்கள் மனைவியின் இருதயம் இப்போது எப்படி?" என்று. நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லை" என்றேன்.

அவள் என்னைத் தீவின் தெற்கே, சாம்பலுக்குள் இருந்து தோண்டியெடுத்த பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய கூரையின் கீழே இரண்டு தட்டு, மூன்று தட்டு வீடுகள், ஒழுங்கைகள், தானியச் சாடிகள். ஏறத்தாழ மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. ஊன்றுகோலில் சாய்ந்து நின்றபடி அவள் சொன்னாள். முதலில் ஒரு பெரிய நடுக்கம் வந்திருக்கிறது. சனம் வீடுகளை விட்டு வெளியே போயிருக்கிறது. பிறகு சிலர் திரும்பி வந்து இடிந்த கல்லைக் குவித்து, கட்டில்களை வெளியே எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, திருத்த வேலை தொடங்கியிருக்கிறார்கள். அப்போது மலை மெல்லிய சாம்பலைத் தூவியிருக்கிறது. விரற்கடை அளவுதான். அதைக் கண்டதும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நுரைக்கல் மழையாகப் பெய்தது. கடல்நீர் மலையின் வாய்க்குள் புகுந்ததும் வெடிப்பு இன்னும் மூர்க்கமானது. வீடளவு பாறைகள் பறந்தன. கொதிக்கும் சாம்பல் சரிவுகளில் ஓடிக் கடலில் விழுந்தது. கடைசியில் தீவின் நடுப்பகுதி உள்ளே போனது. நான் கப்பலில் இருந்து பார்த்த வெள்ளைப் படை அதுதான்.

"இந்த நகரத்தில் இதுவரை ஒரு பிணமும் கிடைக்கவில்லை" என்றாள் கத்தரினா. "நகைகளும் அதிகம் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே போனார்கள், கடலில் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரோ 'போவோம்' என்று சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்கள் நம்பியிருக்கிறார்கள். எங்கள் வேலையும் அவ்வளவுதான். சும்மா பயமுறுத்திவிட்டால் அடுத்த முறை ஒருவரும் எங்களை நம்பமாட்டார்கள். அதற்காகப் பேசாமல் இருந்துவிட்டால், அடுத்த முறை என்று ஒன்று இருக்காது. நானும் ஆரணியும் ஒவ்வொரு இரவும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஆரணியின் அம்மாவுக்கு அன்று ஒரு வருத்தமும் இல்லை. நான் பொய் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டேன். உன் கால் என்னால் போனது." அவள் கட்டில்கள் அடுக்கியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆரணிக்குத் தெரியுமா?" என்றாள். வீட்டுக்கு வந்த அன்றே தெரியும் என்றேன். "ஆஸ்பத்திரியில் அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்" என்றாள். "எனக்கு நோகும்போதுகூட அவளுடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். சுகமாகி வருகிறா என்றாள். ஒவ்வொரு முறையும் சொன்னாள்." பிள்ளை, அதுவரை எனக்கு அது தெரியாது. நான் விட்ட பொய்யை நீ எனக்காக எடுத்து, மாதக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாய். என்னோடு கதைக்காமல் இருந்துகொண்டே என் மானத்தைக் காத்திருக்கிறாய்.

அவள் காரில் கொண்டுவந்து நான் தங்கியிருந்த அறை வாசலில் இறக்கிவிட்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "நாளை நடுத்தீவுக்குப் படகு போகிறது. மேட்டில் இருக்கும் கருவிக்குப் பற்றரி மாற்ற வேண்டும். என்னால் ஏற முடியாது. பாரம் தூக்குவீர்களா?" என்று கேட்டாள். தூக்குவேன் என்றேன்.

அந்தக் கறுத்த தீவை நீ எத்தனையோ தடவை மிதித்திருப்பாய். எனக்கு அது புதிது. மலை கடலுக்குள் போன பிறகு, அதே நெருப்பு கடலடியில் இருந்து மெல்ல மெல்லக் கட்டியெழுப்பிய தீவு அது என்று படகில் கத்தரினா சொன்னாள். வேலை விசயத்தைப் பேச மட்டும் வாயைத் திறந்தாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த தீவு. கடைசியாக வழிந்து இறுகிய பாறை என் அப்பா வாலிபராக இருந்த காலத்தது. வடகிழக்கே தண்ணீருக்குள் இன்னொரு வாய் இருக்கிறது, சில நூற்றாண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது தீவில் மனிதரும் மாடுகளும் நச்சுவாயுவால் செத்தார்கள், நடுக்கம் வந்த நாட்களில் நீங்கள் இருவரும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தைத்தான் என்றாள். பிறகு பற்றரியை என் தோள்பையில் வைத்துக் கட்டினாள். அவள் கரையில் ஒரு கல்லில் இருந்துகொண்டாள். நான் ஏறினேன். பாதையை விட்டு விலகியதும் உடைந்த கண்ணாடி போலக் கல். சில இடங்களில் நிலம் சுட்டது, கந்தகம் மணத்தது. இரண்டு தடவை விழுந்தேன். போனில் அவள் "இடது பக்கம், அந்தப் பெரிய கல்லைத் தாண்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிவப்பு வயரைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். பூட்டச் சொன்னாள், பூட்டினேன். "கருவியின் பதிவு வருகிறது" என்றாள். அந்த மேட்டில் இருந்து பார்த்தால் வளையம் முழுதும் சுற்றிவரத் தெரிகிறது. விளிம்பு வீடுகளில் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். அவற்றின் அடியில் மலை வெடிக்க வேண்டும் என்று நான் விரும்பியிருந்தேன். அந்த இடத்தில் இருந்து அழுதேன். அழுதது அவளுக்குப் போனில் கேட்டிருக்கும். அவள் போனை வைக்கவில்லை.

கீழே வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "உங்களோடு எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. நீங்கள் எனக்கு யாரோ. அவள் எனக்கு யாரோ இல்லை" என்றாள். நான் செய்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. மனப்பாரத்தை இறக்க வந்தவன், உன் சிநேகிதியை உன்னிடம் இருந்து பறித்துவிட்டுப் போகிறேன். இரண்டு நாளில் உன் போன் வந்தது. "ஏன் அப்பா அவளுக்குச் சொன்னனீங்கள்? உங்களுக்கு இறங்கிப் போச்சு. என்ரை தலையிலை ஏத்திப்போட்டீங்கள்." நீ சொன்னதில் பிழை இல்லை. உன்னிடம் முதலில் கேட்காமல் உன் காரியத்தை நானே தீர்மானித்தேன், இரண்டாவது தடவையாகவும். அன்புதான் என்று நினைத்துக்கொண்டு செய்தேன், இரண்டாவது தடவையாகவும்.

அந்தக் குளிர்காலம் முழுதும் அவள் உன்னோடு கதைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். பிறகு ஒரு நாள் அவளாகவே எடுத்து, "என்னால் இனி ஏற முடியாது. நீ வந்து பொறுப்பை எடு. ஆனால் எனக்கு இன்னொரு தடவை பொய் சொல்லாதே" என்றாளாம். நீ ஓம் என்றாய். உன்னை அந்தத் தீவில் இருந்து இழுத்தெடுக்க நான் சொன்ன பொய்தான் உன்னை அங்கேயே குடியிருக்க வைத்திருக்கிறது. இதைச் சொல்லி ஆறுதல் தேட எனக்கு உரிமை இல்லை. அவளுடைய கால் அவளுடைய கால்தான்.

புத்திமதி இல்லை என்றேன். ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்ல விடு. நிலம் மறுபடி நடுங்கும். நான் மறுபடி பயப்படுவேன், அது என் உடம்போடு வந்தது. அப்போது உனக்கு எடுத்தால், "வா" என்று சொல்லமாட்டேன். "பயமாக் கிடக்குது பிள்ளை" என்று சொல்வேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு வேலை இருக்கும். நீ "போங்கோ" என்று சொன்னால் போகப் பல்லாயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் நம்பும்படி உன் சொல் இருக்கட்டும். என்னைப் போலாகிவிடாதே. சரிவில் தனியாக வேலை செய்யாதே. கத்தரினாவின் தாய் தகப்பனைப் போய்ப் பார். நாங்கள் சுகம். அம்மாவின் கை நன்றாகிவிட்டது, ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து விலை கேட்கிறாள். நான் எழுதினால் நம்புவாயோ தெரியாது. அதனால் கடிதத்தை அவளிடம் கொடுக்கிறேன். வாசித்துவிட்டு அவளே எழுதட்டும்.

உன் அப்பா

பிள்ளை, நான் அம்மா. வாசிச்சிட்டன். என்ரை கை சுகம், நெஞ்சும் சுகம். அப்பா எழுதினது எல்லாம் உண்மை, ஒண்டைத் தவிர. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு என்னைக் காப்பாத்த எழுதியிருக்கிறார். உனக்கு எடுத்த கையோடை எனக்கும் எடுத்து, இப்பிடிச் சொல்லிப்போட்டன் எண்டு அழுதவர். நீ கப்பல் ஏற முன்னமே எனக்குத் தெரியும். காப்பகத்துப் பிள்ளையளை நித்திரையாக்கிப்போட்டு, போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். நான் சுகமா இருக்கிறன், நில்லு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நீ வந்தாக் காணும் எண்டு இருந்திட்டன். கதவைத் திறந்து திகைச்சதெல்லாம் நடிப்பு. பேந்து அவரோடை கதைக்காமல் இருந்தது அவரிலை இருந்த கோவத்தாலை இல்லை, என்னிலை இருந்த கோவத்தாலை. இதை அந்தப் பிள்ளை கத்தரினாவுக்கும் சொல்லிவிடு. கோவம் ஆறினாப் பிறகு எடு. எடுக்காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை நான் எடுப்பன்.